ஊசியக்காவும் பன்னிரண்டு நாக்குகளும்

ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு அவளுடைய உண்மைப் பெயர் தெரியாது. ஊசியக்கா என்றால்தான் தெரியும். இருபத்திரண்டு வருடமாகக் காலை ஆறரை மணிக்கு இரண்டாம் நம்பர் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிடுவாள். வெறும் வயிற்றோடும் காலைக் காபி கிடைக்காத கோபத்தோடும் வருகிறவர்களின் முதல் எரிச்சல் அவள் மேல்தான் விழும். அதை வாங்கிக் காதோடு விட்டுவிட்டு, முழங்கைக்கு மேலே ரப்பர் பட்டையைக் கட்டி, ஆள்காட்டி விரலால் தோலில் இரண்டு தட்டுத் தட்டுவாள். மற்றவர்கள் டார்ச் அடித்துத் தேடியும் கிடைக்காத நரம்பு அவள் விரலுக்கடியில் தானாக வந்து நிற்கும். "ஒண்ணுமில்ல, எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்" என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் பஞ்சு வைத்து அழுத்தியிருப்பாள்.

கையில் இருந்த அந்தத் திறமையை அவள் பெரிதாக நினைத்ததில்லை. பெரிதாக நினைத்தது ஸ்டிக்கரைத்தான். யார் வந்தாலும், பக்கத்து வீட்டுக்காரரே வந்தாலும், பெயரையும் பிறந்த தேதியையும் அவர் வாயாலேயே சொல்ல வைத்து, ரத்தம் பிடிக்கும் குழாயில் ஸ்டிக்கரை ஒட்டிய பிறகுதான் ஊசியை எடுப்பாள். ஒட்டிய ஸ்டிக்கரை உரிக்க மாட்டாள். தப்பாக ஒட்டிவிட்டால் குழாயையே குப்பையில் போட்டுவிட்டு மறுபடி குத்துவாள்.

அதற்குக் காரணம் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் இரண்டு குழாய்களை மாற்றி வைத்துவிட்டாள். ஒரு குறையும் இல்லாத ஆரோக்கியமான மனிதருக்கு, இன்னும் சில மாதம்தான் என்பது போன்ற ஒரு ரிப்போர்ட் போய்விட்டது. நாலு நாள் கழித்துத்தான் தவறு தெரிந்தது. அவர் நேரே வந்து அவள் முன்னால் நின்றார். அடித்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று அவள் தலையைக் குனிந்தாள். அவர் மெதுவாகத்தான் பேசினார்.

"போற உயிர்தானேன்னு, பதினோரு வருஷமா பேசாம இருந்த தம்பிகிட்டப் போய்ப் பேசிட்டேம்மா. கட்டிப்பிடிச்சு அழுதுட்டேன். தோட்டத்துப் பக்கத்து நிலத்தையும் நீயே வச்சுக்கன்னு சொல்லிட்டேன். இப்ப நான் நல்லா இருக்கேன்னு சொல்றீங்க. அவன்கிட்ட எப்படிம்மா மறுபடி சண்டை போடுறது?"

அன்றிலிருந்து ஸ்டிக்கர் விஷயத்தில் அவளோடு யாரும் விளையாட முடியாது.

கூடத்தின் முதலாளி ஒரு டாக்டர். நுண்ணோக்கியில் கண்ணை வைத்தால் உலகமே மறந்துபோகிற படிப்பாளி. ஆனால் அவர் யாருக்கும் ஊசி குத்தி முப்பது வருடமாகிறது. கை லேசாக நடுங்கும். அவருக்கு இருந்த ஒரே பொழுதுபோக்கு ஒயின். ஊரில் பெரிய மனிதர்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்து ஒரு ஒயின் சங்கம் வைத்திருந்தார்கள். மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்குக் கூடுவார்கள். வெள்ளைத் துணி விரித்த நீள மேசை, ஆளுக்கு மூன்று கண்ணாடிக் கிண்ணம், நடுவில் சின்னச் சின்ன வாளி. டாக்டர்தான் செயலாளர்.

ஒரு நாள் மத்தியானம் கூட்டம் வடிந்த பிறகு டாக்டர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"சிஸ்டர், ஒரு பேஷன்ட் இருக்காங்க. கொஞ்சம் கஷ்டமான கேஸ். நீங்கதான் குத்தணும்."

கையுறையும் பஞ்சும் எடுத்துக்கொண்டு போனாள். மேசை மேல் ஒரு பாட்டில் இருந்தது. பக்கத்தில் ஒரு கருவி. கைப்பிடி, அதில் ஒரு குட்டி வாயு உருளை, கீழே நீளமாக ஒரு ஊசி. டாக்டர் விளக்கினார். பாட்டிலின் கார்க்கைத் திறக்கவே வேண்டாம். ஊசியைக் கார்க் வழியாக உள்ளே இறக்கினால், ஒயின் வெளியே வரும், வந்த இடத்தை அந்த வாயு போய் அடைத்துக்கொள்ளும். காற்றே படாது. ஊசியை எடுத்ததும் கார்க் தானாகத் துளையை மூடிக்கொள்ளும். இன்றைக்கு ஒரு கிண்ணம் குடித்துவிட்டு மீதியை அடுத்த வருடம் வைத்துக் குடிக்கலாம். கெடாது.

"நானும் மூணு பாட்டில்ல முயற்சி பண்ணினேன். ஊசி வளைஞ்சு போகுது. ஒண்ணுல கார்க்கே உள்ள போயிடுச்சு."

அவள் பாட்டிலைத் திருப்பிப் பார்த்தாள். கார்க்கின் தலையை ஸ்பிரிட் பஞ்சால் துடைக்கப் போனாள். டாக்டர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். "ஐயோ, ஸ்பிரிட் வேண்டாம்! வாசனை போயிடும்!" பஞ்சைக் கீழே வைத்தாள். பழக்க தோஷத்தில் பாட்டிலின் கழுத்தை இரண்டு தட்டுத் தட்டினாள். "எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்" என்று முணுமுணுத்தாள். ஊசி நேராக இறங்கியது. உஸ்ஸென்று ஒரு சத்தம். கிண்ணத்தில் சிவப்பாக ஒழுகியது. அவள் கண்ணுக்கு அது நல்ல ஓட்டம்.

டாக்டர் மோந்து பார்த்தார், வாயில் விட்டுக் கொப்பளித்தார், கண்ணை மூடினார். "ஈர மண்... பழைய தோல் பை... கொஞ்சம் பென்சில் சீவின வாசனை" என்றார். அதைக் காசு கொடுத்து வேறு வாங்குகிறாரே என்று அவளுக்குப் பாவமாக இருந்தது.

அதற்குள் அவள் பாட்டிலில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி, தேதியும் மணியும் எடுத்த அளவும் எழுதிவிட்டாள். "எந்தக் கை" என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தாள்.

அதிலிருந்து சங்கம் கூடும் ஞாயிறுகளில் அவளுக்குக் கார் வரத் தொடங்கியது. செய்தி எப்படியோ நாத்தனாருக்கு எட்டிவிட்டது.

"அண்ணி, ஆம்பளைங்க குடிக்கிற எடத்துக்கு நீங்க ஊசி போடப் போறீங்களாமே? எங்க அண்ணன் எப்படி விட்டாரு?"

"பாட்டிலுக்குத்தான் ஊசி போடுறேன். அவங்களுக்கு இல்ல."

"அது இன்னும் அசிங்கமா இருக்கே அண்ணி!"

அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்க மாடிகளுக்கு நடுவில் தொங்கிக்கொண்டு வேலை செய்கிறவருக்கு எதுவும் விபரீதமாகத் தெரிவதில்லை. "கார்ல கூட்டிட்டுப் போயி கார்ல கொண்டு விடுறாங்க. நமக்கென்ன?" என்று முடித்துவிட்டார்.

சங்கத்தில் ஆனால் சும்மா முடியவில்லை. தலைவராக இருந்தவர் ஓய்வுபெற்ற நீதிபதி. அவருக்கு இந்தக் கருவியைக் கண்டாலே ஆகாது. ஒயின் என்றால் திருகியை இறக்கி, கார்க்கை டப்பென்று இழுத்துத் திறக்க வேண்டும், அது காற்றைச் சுவாசிக்க வேண்டும் என்பது அவர் கட்சி. "குடிக்கிற பொருளை ரத்தம் மாதிரி ஊசி குத்தி எடுக்கிறதா? இது ஒயின் இல்லை டாக்டர், சாம்பிள்!" என்றார். டாக்டர் விடவில்லை. "உங்களுக்குச் சத்தம்தான் முக்கியம்னா ஒரு பலூனை வெடிச்சுக்கோங்க சார்." இரண்டு பக்கமும் ஆள் சேர்ந்தது. ஊசிக் கட்சி, திருகிக் கட்சி என்று பெயரும் வந்தது. பத்துக் கூட்டம் வரைக்கும் இதே சண்டை. ஒரு கட்டத்தில், அவள் தட்டில் கிண்ணங்களோடு உள்ளே வரும்போது, நீதிபதி "ஊசி குத்தின ஒயினை எந்த நாக்கும் கண்டுபிடிச்சிடும்!" என்று கத்திக்கொண்டிருந்தார்.

"அப்ப கண்டுபிடிங்களேன்" என்றார் டாக்டர். ஆறு மாதத்துக்கு முன்பு ஊசி குத்தி ஒரு கிண்ணம் மட்டும் எடுத்த அந்தப் பாட்டில் அவர் அலமாரியில் பூட்டி வைத்தபடி இருந்தது. அதே பெட்டியில் வந்த அதன் ஜோடிப் பாட்டில் திறக்கப்படாமல் இருந்தது. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பது என்று தீர்மானமானது. அதை யார் நடத்துவது? ஊசிக் கட்சிக்காரர் நடத்தினால் திருகிக் கட்சி ஒப்புக்கொள்ளாது. கடைசியில் இரண்டு கட்சியும் ஒரே சமயத்தில் திரும்பி அவளைப் பார்த்தன.

"எனக்கு இதுல ஒண்ணும் தெரியாதுங்க" என்றாள்.

"அதனாலதாம்மா" என்றார் நீதிபதி.

அவளுக்கு ஒயின் தெரியாதே தவிர, சோதனை தெரியும். வருடத்துக்கு இரண்டு தடவை வெளியிலிருந்து பெயர் போடாத குழாய்கள் கூடத்துக்கு வரும். கூடம் சரியாகப் பார்க்கிறதா என்று பரீட்சை வைப்பார்கள். அதே மாதிரி வைத்தால் போயிற்று. ஆளுக்கு மூன்று கிண்ணம். இரண்டில் ஒரே பாட்டில் ஒயின், ஒன்றில் மற்றது. எது தனி என்று சொன்னால் போதும். கிண்ணத்தின் அடியில் மூன்று இலக்க எண். எந்த எண் எந்தப் பாட்டில் என்பது அவளுக்கு மட்டும் தெரியும். அழியாத பேனாவில் இரண்டு பிரதி எழுதி வைப்பாள்.

"இன்னொண்ணு சார். எதையுமே தெரிஞ்சுக்காம சும்மா ஒரு கிண்ணத்தைத் தொட்டாலே மூணுல ஒருத்தர் சரியாச் சொல்லிடுவாங்க. பன்னிரண்டு பேர்ல நாலு பேர். அதுக்கு மேல எவ்வளவு பேர் சொல்றாங்கன்னுதான் பார்க்கணும்."

"இங்க யாரும் சும்மா தொடுறவங்க இல்லம்மா" என்று நீதிபதி சிரித்தார். பன்னிரண்டு பேரும் சிரித்தார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் அரை மணி முன்னதாகவே வந்துவிட்டார்கள். நீதிபதி மத்தியானம் சாப்பிடவில்லையாம். ஒருவர் இரண்டு நாளாகப் பல் தேய்க்கும் பசையை மாற்றியிருந்தார். நீதிபதியே எல்லோர் முன்னாலும் ஜோடிப் பாட்டிலில் திருகியை இறக்கி, கார்க்கை டப்பென்று இழுத்து, அதை மோந்து, கண்ணில் நீர் வராத குறையாக வைத்தார். பாட்டில் ஒரு மணி நேரம் சுவாசித்தது. டாக்டர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக் கொட்டாவி விட்டார்.

அவள் பக்கத்துச் சமையலறையில் கதவைச் சாத்திக்கொண்டு வேலையைத் தொடங்கினாள். கிண்ணத்துக்கு ஒரு வாய் அளவாக, ஊசிப் பாட்டிலிலிருந்து பதினெட்டுக் கிண்ணம், திருகிப் பாட்டிலிலிருந்து பதினெட்டு. ஆறாறாகத் தட்டில் வைத்து வெளியே கொடுத்தாள்.

பிறகு கதவிடுக்கில் நின்று பார்த்தாள். இதற்கு முன்னாலும் பார்த்திருக்கிறாள் என்றாலும் பழகவில்லை. கிண்ணத்தைச் சுற்றினார்கள். மூக்கை உள்ளே விட்டார்கள். வாயில் ஊற்றிச் சளசளவென்று கொப்பளித்தார்கள். பிறகு வாளியில் துப்பினார்கள். இவ்வளவு படித்தவர்கள் இவ்வளவு விலை கொடுத்து வாங்கித் துப்புகிறார்களே! அவள் கூடத்தில் ஒருவரைச் சளி துப்ப வைப்பதற்கே பத்து நிமிஷம் கெஞ்ச வேண்டியிருக்கும்.

நீதிபதி தன் இடது கிண்ணத்தைத் தூக்கிப் பிடித்தார். "இது உயிரோட இருக்கு." நடுக் கிண்ணத்தைத் தூக்கினார். "இது பிணம். சவக்கிடங்கு வாசனை." டாக்டர் எதிர்ப்பக்கத்தில் இன்னொரு கிண்ணத்தைக் காட்டி, "இதுல ஒரு தெளிவு இருக்கு பாருங்க, ஊசியாலதான் இது வரும்" என்றார். மேசைக் கோடியில் டைல்ஸ் கடை முதலாளி உட்கார்ந்திருந்தார். சங்கத்தில் புதிதாகச் சேர்ந்தவர். வியாபாரத்துக்கு நாலு பெரிய மனிதர்களைத் தெரிந்திருப்பது நல்லது என்று யாரோ சொல்லிச் சேர்ந்தார். எதைக் கொடுத்தாலும் "நல்லா இருக்கு சார்" என்பார். அன்றைக்கு ஜலதோஷம். மூன்றையும் மடக் மடக்கென்று குடித்துவிட்டு, ஒரு எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டு, கைக்குட்டையில் மூக்கைச் சிந்தினார்.

விடைத்தாள்கள் சமையலறைக்கு வந்தன. அவள் தன் பட்டியலோடு ஒத்துப் பார்த்தாள். இரண்டு தடவை பார்த்தாள். பன்னிரண்டில் நாலு சரி. நீதிபதியின் உயிரும் பிணமும் ஒரே பாட்டிலில் வந்தவை. அதுவும் ஊசிப் பாட்டில். டாக்டர் தெளிவு கண்டது திருகிப் பாட்டிலில்.

கதவு மெதுவாகத் திறந்தது. டாக்டர் உள்ளே வந்து கதவைச் சாத்தினார். பட்டியலை எட்டிப் பார்த்தார். அவர் முகம் ஒரு சுற்றுச் சுருங்கியது.

"சிஸ்டர்... என்னோடது எழுநூத்திப் பன்னிரண்டுன்னு போட்டிருக்கீங்க. அது எழுநூத்திப் பதினேழா இருக்கலாமில்ல? உங்க ரெண்டு சில சமயம் ஏழு மாதிரி இருக்கும்."

"என் ரெண்டு ரெண்டு மாதிரிதான் சார் இருக்கும்."

"ரெண்டே ரெண்டு ஸ்டிக்கர். இது என்ன ரத்தமா, யாராவது செத்தாப் போயிடுவாங்க?"

"நம்பர் ஒட்டின பிறகு நான் கை வைக்கிறதில்ல சார். உங்களுக்குத் தெரியுமே."

டாக்டர் தண்ணீர்க் குழாயைத் திறந்து காரணமில்லாமல் கை கழுவிக்கொண்டு போனார். அவர் போன ஈரம் காய்வதற்குள் நீதிபதி வந்தார். அவர் பட்டியலைப் பார்க்கவே இல்லை. முப்பது வருடம் பீடத்தில் உட்கார்ந்தவருக்கு, அவள் முகத்தைப் பார்த்தாலே தீர்ப்பு தெரிந்துவிட்டது.

"அம்மா, ஆதாரத்தைக் கலைக்கச் சொல்றேன்னு நினைக்காதீங்க. ஆனா சந்தேகம்னு ஒண்ணு இருந்தா, அதோட பலனைக் குற்றம் சாட்டப்பட்டவருக்குக் கொடுக்கிறதுதான் முறை."

"இங்க யாருங்க ஐயா குற்றம் சாட்டப்பட்டவர்?"

"நான்தாம்மா" என்றார் நீதிபதி, குரலே எழும்பாமல். "அந்தக் காகிதம் தண்ணில விழுந்துடலாம். சமையலறையில தண்ணி இருக்கும். இயற்கை."

"இன்னொரு பிரதி இருக்குங்க ஐயா."

நீதிபதி பெருமூச்சு விட்டார். "நல்ல சாட்சி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவள் வெளியே வந்து, ரிப்போர்ட் வாசிப்பது போலவே, ஒருவர் பெயரும் விடாமல் வாசித்தாள். அவளுக்கு உள்ளூரப் பயம்தான். ஆனாலும், வேலையைச் சரியாகச் செய்த ஒரு லேசான மனசும் இருந்தது.

பிறகு எல்லோருக்கும் ஒரே நேரத்தில் பேச்சு வந்தது. கிண்ணம் சரியில்லை. அறையில் சூடு. அவள் கையில் ஸ்பிரிட் வாசனை, இருபத்திரண்டு வருட வாசனை, அது கழுவினாலும் போகாது. தட்டைக் கொஞ்சம் வேகமாகத் தூக்கி வந்தாள், ஒயின் மிரண்டுவிட்டது. ஒருவர், எண்களே தன்னைக் கலவரப்படுத்திவிட்டன என்றார். மூன்று பேர் கொண்ட விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. அந்தக் குழு இரண்டு மாதம் கூடி, ஆறு பாட்டில் காலி செய்து, ஒரு அறிக்கை கொடுத்தது: சங்கத்து உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கினர் வியக்கத்தக்க துல்லியத்தோடு வேறுபாட்டைக் கண்டறிந்தனர்.

அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு சங்கம் இரண்டாகப் பிரிந்தது. வேறுபாடு உண்டு என்று நிரூபணமானதாகத் திருகிச் சங்கம் சொன்னது. மூன்றில் இரண்டு பங்கினருக்குத் தெரியவில்லை, ஆகவே வேறுபாடு இல்லை என்று ஊசிச் சங்கம் சொன்னது.

டாக்டர் அவளைத் திட்டவில்லை. சங்கம் பிரிந்த மறுநாளே ஒரு உத்தரவு மட்டும் வந்தது. அவளுடைய நீண்ட அனுபவம் பின்பக்க ஜன்னலில் தேவைப்படுகிறதாம். பின்பக்க ஜன்னல் என்பது சிறுநீரும் மலமும் டப்பாவில் வாங்கி வைக்கிற இடம். அவள் போய் உட்கார்ந்தாள். அங்கேயும் பெயர், பிறந்த தேதி கேட்டாள். அங்கேயும் ஸ்டிக்கர் ஒட்டினாள். வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னபோதுதான் கண் கலங்கியது.

"அந்த ரெண்டு நம்பரை மாத்திக் கொடுத்திருந்தா என்ன கெட்டுப்போயிருக்கும்னு கேக்குறீங்களா?"

"நான் கேக்கலையே" என்றார் அவர். "கேபிள் சரியில்லைன்னு நான் எழுதின லிஃப்டை, முதலாளி சொன்னாருன்னு சரின்னு மாத்தி எழுதினா நீ ஏறுவியா? சாப்பிடு."

முன்பக்கத்தில் அவளுக்குப் பதிலாக இரண்டு பேரைப் போட்டார்கள். பாவம், நல்ல பிள்ளைகள்தான். ஆனால் முதல் வாரத்திலேயே கூடத்தை விட்டுப் போகிறவர்களின் கைகள் யாரோ முறுக்கி அடித்தது போல இருந்தன. "ஊசியக்கா எங்க?" என்று கேட்டுவிட்டு, இல்லை என்றதும் திரும்பிப் போகிறவர்கள் பெருகினார்கள். நீதிபதியே ஒரு நாள் வந்து இரண்டு கையையும் நீட்டிக் காட்டி, "இது துன்புறுத்தல்" என்று வரவேற்பறையில் தீர்ப்புச் சொன்னார்.

ஆறாவது வாரம், டாக்டருக்கே தலைசுற்றல் வந்தது. ரத்தம் பார்க்க வேண்டும். நரம்பு ஒளிந்துகொள்கிற உடம்பு அவருக்கு. இரண்டு பிள்ளைகளும் முதலாளி என்ற பயத்தோடு ஆளுக்கு மூன்று தடவை குத்தினார்கள். ஏழாவதாக யாரும் முன்வரவில்லை. அவர் கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு, தானே நடந்து பின்பக்க ஜன்னலுக்கு வந்தார். சட்டைக் கையைச் சுருட்டி ஜன்னல் வழியாகக் கையை நீட்டினார்.

"உங்க பேரு?" என்றாள்.

"என்ன சிஸ்டர், என் பேரு தெரியாதா உங்களுக்கு? வாசல்ல போர்டே அதான்."

"உங்க வாயால சொல்லணும் சார். பிறந்த தேதியும்."

சொன்னார். ஸ்டிக்கரை ஒட்டினாள். இரண்டு தட்டு. முடிந்துவிட்டது. டாக்டர் தன் கையையே நம்பாதவர் போலப் பார்த்தார். "நாளையிலேர்ந்து முன்னால வந்துடுங்க சிஸ்டர்" என்றார், சுவரைப் பார்த்து.

மறுநாள் ரிப்போர்ட் வந்தது. ஈரலின் எண்கள் எல்லாம் இருக்க வேண்டியதைப் போல இரண்டு மடங்கு இருந்தன. அவரைப் பார்த்த பெரிய டாக்டர் ஒரு வருடத்துக்கு ஒரு சொட்டுக்கூடக் கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார். ஊசி வழியாக வந்தாலும் கூடாது. டாக்டர் இரண்டாம் நம்பர் நாற்காலிக்கு வந்து, யாரும் இல்லாத நேரம் பார்த்து, குனிந்து கேட்டார்.

"சிஸ்டர், குழாய் ஏதாவது மாறியிருக்குமோ?"

"நானே ஒட்டினது சார்."

"அதான் கேட்டேன்" என்று சொல்லிவிட்டுத் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனார். அவளுக்கு நிஜமாகவே வருத்தமாகத்தான் இருந்தது. எண்ணை மாற்ற முடிகிற விஷயமாக இருந்தால் அன்றைக்கு மாற்றியிருப்பாள் போல.

தலைவராக இருந்த டாக்டர் குடிக்கக் கூடாது என்றானதும் ஊசிச் சங்கத்துக்குச் சுவைத்துச் சொல்ல ஒரு தலைமை ஆள் தேவைப்பட்டது. அன்றைய சோதனையில் சரியாகச் சொன்ன நாலு பேரில் மூன்று பேர் திருகிச் சங்கத்துக்குப் போய்விட்டார்கள். மிச்சம் இருந்த ஒரே துல்லியமான நாக்கு டைல்ஸ் முதலாளியுடையது. அவரைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார்கள். அவர் "நல்லா இருக்கு சார்" என்று சொன்னால் எல்லோரும் குறித்துக்கொண்டார்கள். ஒரு நாள் அவர் தும்மியபோது, அது அந்த ஒயினைப் பற்றிய கருத்து என்று எண்ணி இரண்டு பேர் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டார்கள். ஒரு பத்திரிகையில் அவர் படம் வந்தது. கடையில் வியாபாரம் கூடியது. மனிதர் மட்டும் நாளுக்கு நாள் இளைத்தார்.

இரண்டு சங்கமும் ஒன்றை ஒன்று நம்பவில்லை. ஆனால் இரண்டும் அவள் ஒட்டுகிற ஸ்டிக்கரை நம்பின. அதனால் இப்போது மாதம் நாலு ஞாயிறும் அவளுக்குக் கார் வரத் தொடங்கியது. கணவருக்கு ஞாயிறுதான் விடுமுறை என்று சொல்லி, சங்கத்துக்கு ஒன்று, மாதம் இரண்டுதான் வருவேன் என்று கறாராகப் பேசி முடித்துவிட்டாள். நாத்தனார் பத்திரிகையில் அந்தப் படத்தின் மூலையில் அவள் கை தெரிந்ததைப் பார்த்துவிட்டு, "எங்க அண்ணி கை" என்று தெரு முழுக்கக் காட்டினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊசிச் சங்கத்தில் கிண்ணங்களை வெளியே அனுப்பிவிட்டு, சமையலறையில் தனக்குக் கொஞ்சம் டீ போட்டுக்கொண்டிருந்தாள். டைல்ஸ் முதலாளி கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார். கழுத்தில் டை. நெற்றியில் வியர்வை.

"அக்கா, உங்ககிட்ட மட்டும் ஒண்ணு சொல்றேன். எனக்கு இதுல ஒரு எழவும் தெரியாது. அன்னைக்கு மூக்கு அடைச்சிருந்துச்சு. சும்மா நடுவுல இருந்ததை எழுதினேன்."

"தெரியும்" என்றாள்.

"நான் என்னக்கா பண்றது?"

"தெரியலைன்னு அவங்ககிட்டச் சொல்லிடுங்க."

"சொன்னேன்க்கா! போன கூட்டத்துல எழுந்து நின்னு சொன்னேன். எனக்கு ஒண்ணுமே தெரியாதுன்னு. எல்லாரும் கை தட்டினாங்க. அடக்கமாம்."

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவரும் முதலில் முறைத்தார், பிறகு அவருக்கும் தாங்கவில்லை. இரண்டு பேரும் வெளியே கேட்காமல் இருக்க வாயைப் பொத்திக்கொண்டு கண்ணில் நீர் வரும் வரை சிரித்தார்கள்.

"அந்த டீயில எனக்கும் கொஞ்சம் கிடைக்குமா?" என்றார்.

பாதியை இன்னொரு கோப்பையில் ஊற்றிக் கொடுத்தாள். அவர் டையைத் தளர்த்திவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். ஒரு வாய் குடித்தார். நிறுத்தினார். இன்னொரு வாய்.

"பால் நேத்து வாங்கினது. டீத்தூள் ஒரு தடவை கொதிச்சது, மறுபடி தண்ணி ஊத்தியிருக்கீங்க. சர்க்கரையைப் போட்டுட்டுக் கலக்க மறந்துட்டீங்க, அடியில நிக்குது."

அவள் தன் கோப்பையை எட்டிப் பார்த்தாள். மூன்றும் சரி.